ஆழம் கேட்காத சட்டம்

கீழடி அகழாய்வின் முதல் இரு பருவ அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியதில் நம் நிலை என்ன என்று வாசகர்கள் கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் கைக்கு வந்த 982 பக்கங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்துவிட்டு, முதற்கட்டத்தின் கி.மு. 8–5ஆம் நூற்றாண்டுக் கணிப்புக்கு இப்போது நியாயம் கேட்பது முறையன்று. அறிக்கையை எழுதிய அகழாய்வாளர் அமர்நாத் இராமகிருஷ்ணன் தம் கணிப்பில் உறுதியாக நின்றது சரியே. ஆனால் திருத்தம் கேட்ட துறைக் கடிதத்தின் ஒரு கருத்தை முழுமனதாக ஏற்கிறோம்: ஆழத்தைக் குறித்தால் மட்டும் போதாது, மண்ணடுக்கு எண்ணும் வேண்டும்.

அந்தக் கண்டிப்பு அகழாய்வுக் குழியோடு ஏன் நின்றுவிடுகிறது? நம் அருங்காட்சியகச் செப்புத்திருமேனிகளிலும் காசுக்குவியல்களிலும் எத்தனையோ உழவிலும் வானம் தோண்டுகையிலும் வெளிவந்தவை. 2023 ஏப்ரலில் சீர்காழியில் யாகசாலைக்குத் தோண்டியபோதுதான் திருமேனிகளும் தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன. இவற்றுக்கெல்லாம் வாசல் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அதன் 4ஆம் பிரிவு கண்டெடுத்தவரிடம் கேட்பவை மூன்று: பொருளின் தன்மையும் அளவும் அல்லது உத்தேச மதிப்பும், கிடைத்த இடம், கிடைத்த நாள். ஆழம் இல்லை, அடுக்கு இல்லை, உடன் கிடைத்த ஓடு இல்லை. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் இருந்தால்தான் தகவல் தரும் கடமையே எழும்.

2006இல் செம்பியன் கண்டியூரில் வீட்டுத் தோட்டக் குழியில் கிடைத்த கற்கோடரியை நினைத்துப் பாருங்கள். அதன்மேல் இருந்தவற்றைச் சிந்துவெளிக் குறிகள் எனக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்து, கி.மு. 2000–1500 என்றார். அடுக்குச் சான்று இல்லாததால் விவாதம் இன்றளவும் குறிகளின் வடிவத்தை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது.

தெற்கு அந்தமானில் சௌல்தாரி கிளிஞ்சல் மேட்டைத் தொல்லியலாளர் ஜரீன் கூப்பர் அகழ்ந்ததால்தான் அத்தீவுகளின் குடியிருப்புக்கு ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமை உறுதியானது. நாளை அதே தெற்கு அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் ஒருவர் தோட்டக்குழி வெட்டுகையில் அப்படியொரு மேடு சிதைந்தால், கிளிஞ்சலுக்கும் ஓட்டுக்கும் பத்து ரூபாய் யார் தருவார்? புதையல் சட்டத்தின் கண்ணில் அங்கே எதுவுமே கிடைக்கவில்லை. தொழில்முறை அகழாய்வாளரை அடுக்கு எண்ணுக்காக ஆண்டுக்கணக்கில் காக்க வைக்கும் அதிகாரம், வட்டாட்சியர் அலுவலகப் படிவத்தில் ஒரு பத்தியைச் சேர்க்க 1878 முதல் மனம் வைக்கவில்லை. இதை அலட்சியம் என்றே சொல்வோம்.

படிவம் மாறும்வரை பொறுப்பு நம்முடையது. தகவல் வந்த அன்றே பொருள் கிடைத்த இடத்துக்குப் போங்கள். திருமேனியைப் புளி போட்டுத் துலக்க விடாதீர்கள். பானையைக் கழுவ விடாதீர்கள். ஒளிர்வு முறையில் காலம் கணிக்கச் சுற்றியிருந்த மண்ணும் தேவை, அதில் ஒரு பிடியைத் தனியே கட்டி வையுங்கள். குழியின் பக்கச்சுவரை அளவுகோலோடு படமெடுத்து, அடுக்கைக் குறித்து, மாவட்ட ஆட்சியருக்குச் செல்லும் தகவலோடு இணைத்து அனுப்புங்கள்.