கருப்புத் திரைக்கு யார் பொறுப்பு?

முந்தின நாள் இரவு வரை ஒழுங்காக ஓடிய கணினி. தூங்கப் போகும் முன் ஒரு அப்டேட். காலையில் பொத்தானை அழுத்தினால் கம்பெனி லோகோ வருகிறது, அதோடு சரி. கருப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். லினக்ஸில் என்விடியா கார்டு வைத்துக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பழக்கம்.

அடுத்து வரும் தீர்ப்பும் பழக்கமானதுதான்: "லினக்ஸ்னாலே இப்படித்தான்!" இரண்டு நாள் கழித்து அந்தக் கணினியில் விண்டோஸ் திரும்ப வந்துவிடும்.

இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர் அந்தச் சில்லுக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை. அதை இயக்கும் டிரைவருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். டிரைவர் ஓடாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த கார்டும் பெட்டிக்குள் கிடக்கும் வெறும் தகடுதான். அப்படியானால், விற்ற பொருளில் பாதியை யார் பராமரிக்கிறார்கள், அதன் மூலநிரல் யார் கையில் இருக்கிறது என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை. பெரும்பாலான கருப்புத் திரைகளுக்கான பதில் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அப்டேட் செய்தால் ஏன் உடைகிறது?

கிராபிக்ஸ் டிரைவரில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கெர்னலுக்குள் உட்கார்ந்து கார்டோடு நேரடியாகப் பேசும். இன்னொன்று வெளியே இருந்து கேம், பிரவுசர் போன்றவற்றின் வேலைகளைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும். இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கு முதல் பகுதி லினக்ஸ் கெர்னலோடே வருகிறது. இரண்டாவது பகுதி மேசா என்ற திறந்தமூலத் தொகுப்பில் இருக்கிறது. கெர்னலில் ஏதாவது மாறினால், மாற்றுகிறவரே டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார். எல்லாம் ஒரே கூரையின் கீழ்!

என்விடியாவின் டிரைவர் கெர்னலுக்கு வெளியே வளர்கிறது. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதன் மாட்யூலைத் திரும்பக் கட்டியாக வேண்டும். பல வழங்கல்களில் டிகேஎம்எஸ் என்ற கருவி இதைத் தானாகச் செய்யும். ஏதோ ஒரு காரணத்தால் அது செய்யத் தவறினால்... மறுநாள் காலை கருப்புத் திரை.

சரிசெய்வது எப்படி?

இருப்பாய்வில் வித்தியாசம் வந்தால் நல்ல கணக்காளர் எல்லாப் பதிவுகளையும் ஒரே நேரத்தில் அடித்துத் திருத்த மாட்டார். ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். இங்கேயும் அதே பொறுமை வேண்டும். கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் டெர்மினலில் ஒட்டிப் பார்ப்பவர்கள்தான் சின்னக் கோளாறைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

1. முதலில் பழைய கெர்னல். கணினி துவங்கும்போது வரும் குரப் மெனுவில் முந்தைய கெர்னலும் இருக்கும். அதில் திரை வந்துவிட்டால் கார்டு நலம். புதிய கெர்னலுக்கும் டிரைவருக்கும்தான் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

2. அதிலும் வரவில்லையா? குரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால், பெரும்பாலும் ஒரு சுமாரான திரையாவது கிடைக்கும். இது ஊன்றுகோல்தான், வைத்தியம் இல்லை. இதையே நிரந்தரமாக விட்டுவிட்டு "வீடியோ திக்குகிறதே" என்று புலம்புகிறவர்களும் உண்டு!

3. உள்ளே வந்ததும், எந்த டிரைவர் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'கே' என்ற தெரிவோடு கொடுத்தால் ஒவ்வொரு கார்டுக்கும் எந்தக் கெர்னல் டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். என்விடியா டிரைவரை நிறுவியிருந்தும் அங்கே நூவோ என்று இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ, மாட்யூல் ஏறவில்லை.

4. ஏன் ஏறவில்லை? முதல் சந்தேகம் டிகேஎம்எஸ் மேல். புதிய கெர்னலுக்கான ஹெடர் கோப்புகள் நிறுவப்படாமல் இருந்தால் மாட்யூலைக் கட்டவே முடியாது. அந்த ஒரு பொதியை நிறுவியதும் சரியாகிப்போன கணினிகள் ஏராளம்.

5. இரண்டாவது சந்தேகம் செக்யூர் பூட். இது இயக்கத்தில் இருந்தால், கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது. உபுண்டு போன்ற வழங்கல்கள் டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, அடுத்த துவக்கத்தில் ஒரு நீலத் திரையைக் காட்டும். அங்கே சாவியைப் பதிவு செய்யாமல் அவசரத்தில் தாண்டிப் போனால் மாட்யூல் கட்டப்பட்டிருந்தும் ஏறாது.

6. கடைசியாக, டிரைவர் எங்கிருந்து வந்தது? என்விடியா தளத்திலிருந்து இறக்கி ஒருமுறை, வழங்கலின் களஞ்சியத்திலிருந்து ஒருமுறை என்று இரண்டையும் கலந்து நிறுவியிருந்தால் ஒன்றின் கோப்பை மற்றது மிதிக்கும். இரண்டையும் நீக்கிவிட்டு களஞ்சியத்தில் இருப்பதை மட்டும் நிறுவுவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பு.

பெரும்பாலான கோளாறுகள் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். ஆனால் கவனித்தால் ஒன்று புரியும். 4, 5, 6 மூன்றும் பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியே வளரும் டிரைவரோடு வருகிற தொல்லைகள். கெர்னலோடு வரும் டிரைவருக்கு இந்த வேலையே கிடையாது.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. ஏடிஐ நிறுவனத்தை 2006-ல் வாங்கிய ஏஎம்டி, 2007-ல் தன் கார்டுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. ஃபிக்ளர்எக்ஸ் என்ற அதன் மூடிய டிரைவர் அந்தக் காலத்தில் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 2015-ல் ஏஎம்டிஜிபியு என்ற திறந்த டிரைவர் லினக்ஸ் 4.2 கெர்னலில் சேர்ந்தது. இன்று சாதாரணப் பயனாளருக்கு ஏஎம்டி கார்டில் தனியாக டிரைவர் நிறுவும் வேலையே இல்லை.

என்விடியா அந்தப் பாதையில் வரவில்லை. தன்னார்வலர்கள் கார்டின் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே எழுதிய நூவோ டிரைவர் 2010-ல் கெர்னலில் சேர்ந்தது. ஆனால் 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 970, 980 தலைமுறை முதல் ஃபர்ம்வேரில் என்விடியாவின் கையொப்பம் கட்டாயமானது. கார்டை முழு வேகத்தில் ஓட்டும் வழி நூவோவுக்கு அடைபட்டுப்போனது. 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலை நீட்டி என்விடியாவைத் திட்டியது உலகப் பிரசித்தம். நாகரிகமா என்று கேட்டால் இல்லைதான். கோபத்தில் நியாயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்தது. நல்ல மாற்றம். ஆனால் 2018-ல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும்தான். பழைய கார்டுக்காரர்கள் மூடிய கதவுக்கு வெளியேதான் நின்றார்கள்.

அந்தக் கதவுக்கு என்ன விலை என்பது 2025 டிசம்பரில் தெரிந்தது. என்விடியாவின் 590 வரிசை டிரைவர், 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுகளைக் கைவிட்டது. ஆர்ச் லினக்ஸில் வழக்கம்போல அப்டேட் செய்தால் அந்தக் கார்டுகளில் வரைகலைத் திரை வராது, பழைய 580 வரிசைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அந்த வழங்கலே அறிவிக்க வேண்டியிருந்தது. அதே சமயத்தில் இன்னொரு பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2012-ன் ஏஎம்டி ரேடியான் எச்டி 7000 வரிசையின் பழைய கார்டுகளைப் புதிய ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு மாற்றும் வேலை லினக்ஸ் 6.19 கெர்னலுக்குள் வந்தது. அதைச் செய்தவர் ஏஎம்டி ஊழியர்கூட இல்லை, வால்வ் நிறுவனத்துக்காக வேலை செய்பவர்! மூலநிரல் திறந்திருந்ததால் தேவைப்பட்டவர் எடுத்துச் செய்துகொண்டார்.

வணிகவியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. இயந்திரம் தேயத் தேய அதன் மதிப்பு குறையும். மூடிய டிரைவர் உள்ள கார்டில் இந்தக் கணக்கே தலைகீழ். கார்டு தேயவில்லை, விசிறி சுற்றுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. விற்றவர் டிரைவரை நிறுத்தும் நாளில் அதன் ஆயுளுக்குக் கெடு வைக்கப்படுகிறது. அந்தத் தேதி பில்லில் எழுதப்படுவதில்லை.

லினக்ஸ் தரப்பில் தவறே இல்லையா? உண்டு. கெர்னலின் உள் இடைமுகங்களை நிலையாக வைக்க மாட்டோம் என்பது கெர்னல் உருவாக்குநர்களின் அறிவிக்கப்பட்ட கொள்கை. கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதற்கான காரணங்களை விளக்கி எழுதிய ஆவணம் கெர்னலோடேயே வருகிறது. பழைய தவறுகளைச் சுமக்காமல் முன்னேற அது உதவுகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கொள்கையின் செலவை இத்தனை வருடமாகக் கட்டியது கொள்கை வகுத்தவர்களும் இல்லை, என்விடியாவும் இல்லை. காலையில் கருப்புத் திரையைப் பார்த்த சாதாரணப் பயனாளர்! திறந்த டிரைவர் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கடைக்கு வந்த மறுநாளே வாங்கிய புத்தம்புதிய ஏஎம்டி கார்டு, பழைய கெர்னல் உள்ள வழங்கலில் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தொல்லை புதிய கெர்னல் வந்ததும் தீர்ந்துவிடும். மற்றது நாள் ஆக ஆக வளரும்.

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று கடைக்காரரைக் குடைகிறார்கள். லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தால் இன்னும் இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன: இதன் டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் எத்தனை வருடம் தருவார்கள்? கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். இணையத்தில் பத்து நிமிடம் தேடினால் கிடைத்துவிடும். பிறகு பத்து இரவுகள் உட்கார்ந்து குரப் மெனுவோடு மல்லுக்கட்டுவதைவிட, வாங்கும் முன் அந்தப் பத்து நிமிடம் லாபம்தானே!