பட்டாளத்துக் குழாயும் ஊர்க் குழாயும்

அரும்பாவூரில் நண்பர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருக்கையில், பட்டாளக் குடியிருப்புகளில் இற்றுப்போன தண்ணீர்க் குழாய்களையும் சாக்கடைகளையும் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. உடனே ஒருவர், "பச்சைமலை அடிவாரத்திலிருக்கும் நமக்கு அதில் என்ன வேலை?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பட்டாளத்துக்கு ஆகும் செலவு நம் வரிப்பணத்திலிருந்தும் போகின்றது. பட்டாளத்தில் சேருகின்றவர்களும் நம்மைப் போன்ற ஊர்களின் பிள்ளைகளே. அன்றியும், ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்ற ஏற்பாட்டைக் கண்டவர்களுக்கு இந்த விஷயம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கும்.

கன்டோன்மென்ட் என்பது என்ன? வெள்ளைக்காரன் தன் சோல்ஜர்களுக்காகக் கட்டிக்கொண்ட அக்கிரகாரம்! நாட்டு ஜனங்களின் அழுக்கு அண்டாதபடி தனி எல்லை, தனித் தெரு, தனிக் கிணறு. அப்படி ஒதுங்கியிருந்தும் வியாதி விட்டதா? இந்தியாவிலிருந்த வெள்ளைச் சோல்ஜர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863-ல் ராயல் கமிஷன் கணக்குக் காட்டிற்று. அவர்களில் பெரும்பாலோர் சண்டையில் சாகவில்லை. காலராவிலும் பேதியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். பக்கத்துப் பஜாரும் ஊரும் சுத்தமாகாமல் பட்டாளம் மட்டும் சுகமாக வாழ முடியாது என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் எடுத்துக் காட்டினார். அவர் இந்த நாட்டில் காலடி வைத்தவரல்லர். அங்கிருந்தே அவருக்குத் தெரிந்த உண்மை, இங்கேயே பிறந்து வளர்ந்த நம் வைதீகர்களுக்கு இன்றுவரை தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இரண்டு கன்டோன்மென்ட்டுகள் உண்டு. ஒன்று பரங்கிமலை-பல்லாவரம், மற்றொன்று குன்னூரை ஒட்டிய வெல்லிங்டன். இவற்றுள் பட்டாளத்தார் மட்டுமல்ல, ஏராளமான சாதாரண ஜனங்களும் வாழ்கின்றார்கள். 2024 டிசம்பரில் பல்லாவரத்தில் கன்டோன்மென்ட் பகுதியிலும், அதை ஒட்டித் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட மலைமேட்டிலும் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. சிலர் உயிரும் போயிற்று. தண்ணீர் காரணமா, தின்ற பண்டம் காரணமா என்று தர்க்கம் நடந்தது. அந்தத் தர்க்கத்தில் நாம் புகவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: வியாதி இரண்டு எல்லையிலும் ஒரே சமயத்தில் நடமாடும்போது, அதைத் தடுக்கும் அதிகாரம் மட்டும் ஏன் இரண்டாகக் கிடக்க வேண்டும்?

நிற்க, கன்டோன்மென்ட் ஜனங்களின் கதியையும் பாருங்கள். அங்கே போர்டுக்குத் தலைவர் படை அதிகாரி. தேர்தலில் வந்த அங்கத்தினர்களின் காலம் 2021 பிப்ரவரியில் முடிந்தது. பிறகு ஜனங்கள் சார்பில் உட்கார்ந்தவர் சர்க்கார் நியமித்த ஒரே ஒருவர். 2023 ஏப்ரல் 30-ல் தேர்தல் என்று அறிவித்து, மார்ச்சிலேயே அதை ரத்தும் செய்துவிட்டார்கள். வரி கொடுக்கிறவனுக்கு ஓட்டு இல்லையென்றால், உடைந்த குழாயைப் பற்றி அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

ஜனங்கள் வாழும் பகுதியைப் பக்கத்து முனிசிபாலிட்டியோடு சேர்த்துவிடுவது என்ற யோசனை நல்லதே. 2023 ஏப்ரலில் ஹிமாசலப் பிரதேசத்தில் யோல் கன்டோன்மென்ட் முதலில் கலைக்கப்பட்டது. சேரும் இடங்களில் குழாய், சாக்கடை, விளக்கு முதலியவற்றை இலவசமாகவே கொடுத்துவிடுவோம் என்று 2024-ல் மத்திய சர்க்கார் விதி வகுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். நாம் சொல்லுகிறோம்: கட்டாயம் பார்க்க வேண்டும்! இற்றுப்போன குழாயை இலவசமாக வாங்கினால், அதை மாற்றும் செலவு ஏழையின் வீட்டு வரியில்தான் வந்து விழும். ஆகவே பழுது பார்த்துக் கொடு; அல்லது பழுதுக்கான பணத்தோடு கொடு.

அப்படியானால் பட்டாளம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பகுதிக்கு வழி என்ன? அமெரிக்காவில், காலிபோர்னியாவிலுள்ள மான்டரே நகரசபை, தன் எல்லையிலுள்ள பட்டாளத் தளத்தின் கட்டடங்களையும் தெருக்களையும் ஒப்பந்தத்தின் பேரில் தானே பராமரித்தது. முன்பிருந்த செலவில் நூற்றுக்கு 41 மிச்சமாயிற்று என்று இராணுவத் தணிக்கையாரே 2000-ல் எழுதினார்கள். 2013-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் மற்றத் தளங்களுக்கும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு வழி திறந்தது. அங்கே எந்த மாயமும் நடக்கவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு லாரி, இரண்டு மேஸ்திரி, இரண்டு கிடங்கு வேண்டாம் என்று கணக்குப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"ஐயோ, இராணுவ இரகசியம் என்னாவது?" என்று சிலர் அலறக்கூடும். தண்ணீரை வாசலிலுள்ள மீட்டர் வரையில் நகரசபை கொண்டுவரட்டும். உள்ளே இருக்கும் குழாயைப் பட்டாளத்தாரே பார்த்துக்கொள்ளட்டும். ஆபத்துக் காலத்துக்கென்று தனிக் கிணறும் தொட்டியும் ஜெனரேட்டரும் இருக்கட்டும். ஆனால் வாங்கிய தண்ணீருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள், கழிவு எங்கே போகின்றது என்பது இரகசியமாகாது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கின்றார்கள். அதுபோல் ஊரும் பட்டாளமும் பங்கு போட்டு ஒரு நிலையம் கட்டினால், மைதானத்துப் புல்லுக்குக் குடிதண்ணீரை இறைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. பழைய சாக்கடை அடைத்துக்கொண்டால் அதில் இறங்குகிறவன் யார்? அதிகாரியின் மகனா? புரோகிதரின் மருமகனா? தலைமுறை தலைமுறையாய் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஜாதியின் பிள்ளைதான்! மனிதனை மலக்குழிக்குள் இறக்குவது குற்றமென்று 2013-ல் சட்டமே வந்தது. பின்னும் இறங்குகிறான், சாகிறான். ஆகையால் ஊரும் பட்டாளமும் செய்துகொள்ளும் எந்த ஒப்பந்தத்திலும் முதல் நிபந்தனை இதுவாகவே இருக்க வேண்டும்: சாக்கடைக்குள் இயந்திரம் இறங்கட்டும், மனிதன் இறங்கவேண்டாம். அத்துடன் அந்தத் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் சரியான சம்பளமும் வேண்டும். குழாய் மட்டும் புதிதாகி, அதற்குள் இறங்கும் ஜாதி பழையதாகவே இருக்குமானால் அதற்குப் பெயர் சீர்திருத்தமாகுமா?

தோழர்களே! மேல் ஏரியின் கலிங்கு வழிந்தால் கீழ் ஏரி நிறையும் என்பது ஏரிப் பாசனத்தில் வாழும் நமக்குத் தெரியாததல்ல. தண்ணீருக்கு ஜாதியும் தெரியாது, முள்வேலியும் தெரியாது. மனிதன் போட்ட வேலியை மனிதனே எடுக்க வேண்டும். அதற்குப் பூமி பூஜையும் நல்ல நேரமும் தேவையில்லை. கணக்கும் நாணயமும் இருந்தால் போதும்.