பணியாரக் குழியில் மருந்து வேட்டை

குழிப்பணியாரம் சுட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நடுக்குழியில் ஊற்றியது சட்டென்று சிவந்துவிடும். ஓரக்குழியில் இருப்பது வேக நேரமெடுக்கும். மாவு ஒன்றுதான், குழி இருக்கும் இடம்தான் வேறு.

புது மருந்து தேடும் ஆய்வுக்கூடங்களிலும் இதே தலைவலி உண்டு.

அங்கே பணியாரக்கல்லுக்குப் பதில், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டு. 16 வரிசை, வரிசைக்கு 24 என மொத்தம் 384 குட்டிக் குழிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள செல்கள். மேலே ஒரு துளி ரசாயனம். குழிக்குக் குழி ரசாயனம் வேறு. எது செல்லை என்ன செய்தது என்று கருவி அளந்து எண்ணாகத் தரும். ஒரு லட்சம் ரசாயனங்களைச் சோதிக்கக் குறைந்தது 261 தட்டுகள் வேண்டும். ஊற்றுவதும் அளப்பதும் ரோபோவின் வேலை.

சரி, வந்து குவியும் லட்சம் எண்களை யார் படிப்பது? பெரிய எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதாதா?

போதாது. தட்டின் ஓரக்குழிகளில் நீர் சீக்கிரம் ஆவியாகும். நீர் குறைந்தால் உப்பு அடர்த்தியாகி, செல்கள் வாடும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு, ‘அட, இந்த ரசாயனம் புற்றுநோய் செல்லைக் கொல்கிறதே!’ என்று தோன்றும். கொன்றது ரசாயனம் அல்ல, அது இருந்த இடம்! இதை நம்பி ஓடினால் மாதக்கணக்கில் உழைப்பும் பணமும் வீண். இந்தக் குழப்பத்தில் உண்மையான மருந்து கண்ணில் படாமல் போனால், அது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இங்கேதான் எண்ணைப் படமாக்கும் மென்பொருள் கைகொடுக்கிறது. தட்டை அப்படியே திரையில் வரைந்து, குறைந்த எண்ணுக்கு நீலம், கூடிய எண்ணுக்குச் சிவப்பு என்று நிறம் பூசிவிடும். சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறித்திருந்தால் நல்ல அறிகுறி. ஓரம் முழுக்க பார்டர் கட்டியது போலச் சிவந்திருந்தால், ஆவியான நீர் மீது சந்தேகப்பட வேண்டும். ஒரு வரிசை மட்டும் வெளுத்திருந்தால், ரோபோவின் ஊற்றுமுனை அடைத்திருக்கலாம். பட்டியலில் ஒளிந்திருந்த கோளாறு ஒரே பார்வையில் பிடிபடும்.

இத்துறையில் பலருக்கும் தெரிந்த பெயர் ஆன் கார்பென்டர். அமெரிக்காவைச் சேர்ந்த செல் உயிரியலாளர். நுண்ணோக்கிப் படங்களில் செல்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து அளப்பது முடியாத காரியம் என்றானபோது, தானே புரோகிராமிங் கற்றுக்கொண்டார். கணினி ஆய்வு மாணவர் ஒருவருடன் சேர்ந்து உருவாக்கிய ‘செல்புரொஃபைலர்’ மென்பொருள் 2005இல் வெளியானது. அது செல்களை எண்ணும், அளக்கும். அதன் ஜோடியான ‘செல்புரொஃபைலர் அனலிஸ்ட்’ 2008இல் வந்தது. வரைபடத்தில் விலகி நிற்கும் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், அந்த எண்ணுக்குக் காரணமான செல்லின் படத்தையே திறந்து காட்டும். அங்கே இருப்பது செல்லா, வெறும் தூசியா என்று நேரில் பார்த்துவிடலாம்.

எச்சரிக்கையும் தேவை. மேகத்தில் யானை தெரிவது போல, இல்லாத உருவத்தையும் நம் கண் பார்த்துவிடும். அதனால் திரையில் பளிச்சிட்ட ரசாயனத்தை வேறு தட்டில், வேறு குழியில் வைத்து மறுபடி சோதிப்பார்கள். அங்கேயும் தேறினால்தான் அடுத்த கட்டம்.

இரண்டு மென்பொருள்களும் இலவசம். யார் வேண்டுமானாலும் கணினியில் இறக்கிக்கொண்டு, மாதிரிப் படங்களை வைத்துப் பழகலாம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு ‘பயாலஜியா, கம்ப்யூட்டரா?’ என்று குழம்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இரண்டும் சேர்ந்த இந்தப் பாதையையும் காட்டிவையுங்கள்.