வானில் அரை மணி, வாசலிலிருந்து எத்தனை மணி?

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டத்தில் உள்ள வரிச்சிக்குடியிலிருந்து புதுச்சேரி நகருக்கு வான்வழியாக ஏறத்தாழ 110 கிலோமீட்டர். சிறிய ஏ.டி.ஆர். விமானம் அரை மணி நேரத்தில் கடந்துவிடும் தொலைவு. பேருந்தில் போனால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழக ஊர்களைத் தாண்டி மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாகிறது. தலைமைச் செயலகமும் கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையும் அங்கே இருப்பதால், மருத்துவக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பயணம் தவிர்க்க முடியாதது.

காரைக்காலுக்கு விமான நிலையம் கேட்பவர்களின் நியாயம் இங்கிருந்து தொடங்குகிறது. திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று மூன்று சமயத்தவரும் வந்து வணங்கும் தலங்கள் அருகருகே உள்ளன. வாஞ்சூரில் துறைமுகம், திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கின்றன. திருச்சி விமான நிலையமோ சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி. மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் பெற்ற விமான நிலையங்களின் பட்டியலில் காரைக்காலும் இருக்கிறது. ஆனால் விமானம் இன்னும் வரவில்லை.

தயங்குபவர்களின் கவலையும் நியாயமானதே. காரைக்கால் காவிரியின் கடைமடை. ஓடுபாதைக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்களின் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாகக் கடலுக்கு வடியும் என்று விவசாயி கேட்கிறார். நிலையம் கட்டினாலும் விமானம் நிலைக்குமா என்ற கேள்வியும் உண்டு. புதுச்சேரியிலேயே சேவைகள் தொடங்குவதும் நிற்பதுமாக இருந்து, 2024 டிசம்பரில்தான் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் தொடங்கின. சிறு நகரங்களுக்கான விமானச் சேவைக்கு மானியம் தரும் மத்திய அரசின் உடான் திட்டத்துக்கு 2016இல் வகுத்த விதிகளும் பொதுவாக 200 கிலோமீட்டருக்குக் குறையாத வழித்தடங்களையே மானியத்துக்கு ஏற்றன. காரைக்கால்–புதுச்சேரி தடம் அந்த அளவை எட்டாது.

இரு தரப்புக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. அது வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஆகும் நேரம். வானில் அரை மணி என்றாலும், நிலையத்துக்குப் போவது, ஒரு மணி நேரம் முன்பே காத்திருப்பது, இறங்கி நகருக்குள் செல்வது எல்லாம் சேர்ந்தால் இரண்டரை மணியை நெருங்கிவிடும். புதுச்சேரிப் பயணத்துக்கு நல்ல சாலையே ஏறத்தாழ அந்தப் பலனைத் தரும். விமானத்தின் உண்மையான பயன் ஐதராபாத், பெங்களூரு போன்ற தொலைவான ஊர்களுக்குத்தான்.

ஆகவே முதலில் செய்யக்கூடியதைச் செய்வோம். கிழக்குக் கடற்கரையின் நான்குவழிச் சாலைப் பணி விரைவாக முடியட்டும். நிலம் தருபவருக்கு உரிய விலை காலத்தில் கிடைக்கட்டும். பேரளம்–காரைக்கால் அகலப்பாதை ரயில் வசதியை மாவட்டம் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். திருச்சி விமானங்களின் நேரத்துக்கு இசைவாகப் பேருந்துகளை விட புதுச்சேரி, தமிழக அரசுகள் கலந்து பேசலாம்.

விமான நிலையக் கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. வடிகால் வரைபடம், தேவைப்படும் நிலம், எதிர்பார்க்கும் பயணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அரசு முன்வைக்கட்டும். கொம்யூன் பஞ்சாயத்துகளில் விவசாயிகளும் வணிகர்களும் மாணவர்களும் ஒன்றாக அமர்ந்து அவற்றைப் பரிசீலிக்கட்டும். அப்படி எடுக்கும் முடிவு எதுவானாலும், அது ஊரார் அனைவரும் தோள் கொடுக்கும் முடிவாக இருக்கும்.