பல்லின் கறை ஒப்பனைக் கணக்கா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. பல் உருவாகும் வயதில் அந்நீரை அருந்தும் குழந்தைக்குப் பழுப்புக் கறை ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. அதை மறைக்கும் பல்லுறையைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக 'அழகுச் சிகிச்சை' என்று விலக்குகின்றன. விபத்து, தீப்புண், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பும், மருத்துவர் சான்றளித்த உடல்நலத் தேவையும் மட்டுமே அவ்விலக்கிலிருந்து தப்பும்.

குடிநீரால் வந்த கறையை ஒப்பனை என்றழைப்பது அநீதி. நல்ல நீர் தர வேண்டிய அரசே அச்செலவையும் ஏற்க வேண்டும். அதுவரை எல்லைத் தமிழர் செய்யத்தக்கது ஒன்றுண்டு: 2024 முதல், காப்பீட்டின் விவரத்தாளை உள்ளூர் மொழியில் கேட்டுப் பெறலாம். கையொப்பமிடுமுன் தமிழில் கேளுங்கள். விலக்குகளை முதலில் படியுங்கள்.