சாம்பிளும் சரக்கும்: மருந்துச் சந்தையில் ஒரு பாடம்

மருந்துக் கம்பனியொன்று ஆரம்பப் பரிசோதனையின் முடிவை வெளியிட்டதும் பத்திரிகைகளில் பெரிய தலைப்பு வருகிறது. கம்பனியின் பங்கு விலையும் ஏறுவதுண்டு. சாம்பிளை மட்டும் பார்த்து முழுக் கொள்கலனுக்கும் காசு கட்டும் வியாபாரி நம்மில் எவருமில்லை. நோய் என்று வந்தால் மட்டும் அந்த நிதானம் போய்விடுகிறது.

முற்றிய சிறுநீரகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். கட்டி வளரப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். அவற்றை உருவாக்கத் தூண்டும் பொருளைப் பிடித்து வைக்கும் ஊசி பெவாசிசுமாப். அத்தூண்டுதல் கலத்தில் வேலை செய்யாமல் தடுக்கும் குளிசை சுனிடினிப். இரண்டையும் சேர்த்தால் பாதை இருபுறமும் அடைபடும் என்பது கணக்கு. நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் 25 நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. இந்த வரியோடு நிறுத்தினால் அருமையான விளம்பரம்! ஆனால், சுனிடினிப் ஆகக்கூடிய அளவில் பெற்ற 12 பேரில் 5 பேருக்கு, சிறிய இரத்தக் குழாய்களுக்குள் செங்குருதிக் கலங்கள் சிதைந்து இரத்தச்சோகை ஏற்பட்டது. 2008 ஜூலையில் பெவாசிசுமாப் தயாரிப்பாளரான ஜெனன்டெக் கம்பனி வைத்தியர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். உடம்பு எந்த அளவு வரை தாங்கும் என்று நிறுத்துப் பார்ப்பதே ஆரம்பப் பரிசோதனையின் வேலை. சரக்கின் குறையை மறைத்து விற்பதை நமது மார்க்கமும் தடுத்திருக்கிறது. அந்த வகையில் கடிதம் அனுப்பியது சரியான வியாபாரம்.

வெற்றி பெற்ற சேர்க்கையும் உண்டு. பைஸரின் அக்சிடினிப் குளிசையோடு மெர்க்கின் பெம்ப்ரோலிசுமாப் ஊசியைச் சேர்த்தார்கள். போட்டிக் கம்பனிகள் இரண்டு கைகோத்தது தனிக்கதை. ஆரம்பத்தில் 52 பேரில் 38 பேருக்கு, அதாவது 73 வீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. பிறகு 861 பேரைக் கொண்ட பெரிய பரிசோதனையில், இச்சேர்க்கையைப் பெற்றவர்களில் அது 59 வீதமாக இறங்கியது. ஆயினும் ஒரு வருட முடிவில் அவர்களில் ஏறத்தாழ 90 வீதத்தினர் உயிரோடிருந்தனர். சுனிடினிப் மட்டும் பெற்றவர்களில் 78 வீதத்தினர். 2019 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி வழங்கியது இந்தப் பெரிய கணக்கைப் பார்த்துத்தான்.

ஆகவே, புது மருந்துக்காகக் கடையை ஈடு வைக்க நினைக்கும் குடும்பத்தினர் வைத்தியரிடம் முதலில் கேட்கவேண்டியவை இவை: எத்தனை பேரிடம் பரிசோதித்தார்கள்? எந்த மருந்தோடு ஒப்பிட்டார்கள்? பக்கவிளைவு தாங்காமல் இடையில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர்?