வீடு பிழைத்தது, குடி பெயர்ந்தது

பழைய வீடொன்றைப் புதுப்பித்து உல்லாசப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுவதே அதனைக் காப்பாற்றும் வழி என்றொரு வாதம் இன்று வேரூன்றி வருகின்றது. விடுதி முதலாளிகள் இதனைக் கூறுவதில் வியப்பில்லை. கற்றோரும் ஆராயாது ஒப்புக்கொள்வதுதான் வருந்தத்தக்கது. ஆற்றங்கரைச் சந்தையூர் ஒன்றிலே வைத்து இவ்வாதத்தைச் சோதித்துப் பார்ப்போம். மத்திய வியட்நாமில், தூ போன் ஆற்றின் கரையிலுள்ள ஹோய் ஆன் அவ்வூர்.

15 ஆம் நூற்றாண்டு முதல் 19 ஆம் நூற்றாண்டு வரை அது துறைமுகச் சந்தையாக விளங்கிற்று. சீனரும் யப்பானியரும் அங்கே குடியேறினர்; போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வாணிகத்துக்கு வந்தனர். பின்னர் ஆற்றுமுகம் தூர்ந்தது. கப்பல்கள் டா நாங் துறைமுகத்தை நாடின. ஊரின் செல்வம் வற்றிற்று. இடித்துக் கட்டப் பொருளில்லாமையும் அப்பழைய வீடுகள் இடிபடாது நின்றமைக்கு ஒரு காரணமாகும்.

அவ்வீடுகள் எத்தகையன? தெருப்புறத்தில் கடை, நடுவில் வானந் திறந்த முற்றம், பின்னால் குடியிருப்பும் அடுக்களையும். ஆற்றை அடுத்த வீடுகளிலே பின்வாசலில் சரக்கு இறங்கும். மேல்மாடித் தரையிலே சதுரமாக ஒரு துவாரம் வெட்டப்பட்டிருக்கும். மாரியில் ஆறு பெருகி வீட்டினுள் நுழையும்போது சரக்குகளை அதன் வழியே மேலே தூக்குவர். தான் கீ என்னும் பழைய வீட்டிலே, வெள்ளம் ஏறிய மட்டங்களைச் சுவரில் குறித்து வைத்துள்ளனர். உழைப்பும் வாணிகமும் ஆற்றின் சீற்றமும் சேர்ந்து அமைத்த வீடுகள் இவை. அழகுக்காக மட்டும் எவரும் அவற்றைக் கட்டவில்லை.

இவற்றைக் காத்தவர் யார்? ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் விடை தானே வெளிவரும். போர் முடிந்தது 1975 இல். சாம்பர்களின் மீ சோன் கோயில்களைப் பேண 1980களில் வந்த போலந்துக் கட்டடக் கலைஞர் காசிமியர்ஸ் குவியாட்கோவ்ஸ்கி, ஹோய் ஆனின் அருமையையும் எடுத்துரைத்தார். 1985 இல் அரசு அதனைத் தேசிய மரபுச் சின்னமாக ஏற்றது. அமெரிக்காவின் வர்த்தகத் தடை நீங்கியதோ 1994 இல். யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது 1999 இல். உல்லாசப் பிரயாணி பெருந்திரளாக வருமுன்னரே, வறிய நாடொன்றின் மக்களும் தோழமை நாட்டு அறிஞர் ஒருவரும் அவ்வூரைக் காக்கத் தொடங்கிவிட்டனர். பிரயாணியின் பணமே வீட்டைக் காத்தது என்போர் இவ்வரிசையை மறைத்தே பேசவேண்டியவராகின்றனர்.

அப்பணத்தால் கூரைகள் செப்பமுற்றதையும் பலருக்கு வேலை கிட்டியதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே பணம் வாடகையை ஏற்றியது. ஏறிய வாடகைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் குடும்பங்கள் பல ஊர்ப்புறத்துக்குப் பெயர்ந்தன. அன்றாடப் பண்டம் விற்ற கடைகளில் இன்று விளக்குக் கூண்டுகளும் நினைவுப் பொருள்களும் தொங்குகின்றன. "அவர்கள் விரும்பித்தானே போனார்கள்?" என்று கேட்பர். பிழைப்புக்கு வேறு வழி குறுகிய இடத்தில் எழும் விருப்பத்தைச் சுதந்திரமென்று கூறுவது சந்தையின் தருக்கம். வீடுகளைத் திருத்தப் பொதுப் பணமும் உதவியது. ஆயின் அதனால் ஏறிய வாடகையின் பயன் தனியாரையே சேர்கின்றது.

அவ்வகை வீடொன்றிலே நாமும் தங்கியதுண்டு. மெருகேறிய மரத்தூண்களும் வெண்ணிற விரிப்புகளும் கண்ணுக்கு இனியனவே. மேல்மாடியின் அந்தத் துவாரமோ பலகையடித்து மூடப்பட்டு, மேலே கம்பளம் விரிக்கப்பட்டிருந்தது. தூக்குவதற்குச் சரக்கில்லை, தூக்கும் கைகளும் இல்லை. 2025 ஒக்டோபர் இறுதியில் பெருவெள்ளம் அவ்வூரை மூழ்கடித்தது. பிரயாணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சேற்றை வாரிக் கொட்டுபவர் அவ்வூர் மனிதரே.

2023 இல், பழைய நகருக்குள் நுழையும் பிரயாணிகள் யாவரும் சீட்டுப் பெறவேண்டும் என்ற திட்டம் எழுந்து, கண்டனத்தின் பின் ஒத்திவைக்கப்பட்டது. குடிகள் வாழும் தெருவைக் காட்சிச்சாலையாகக் கருதும் மனப்பான்மையின் இயல்பான முடிவு வாசற்சீட்டுத்தான்.

வியட்நாம் மக்களின் போராட்டத்தைத் தம் போராட்டமாகக் கொண்டாடியவர்கள் நம் முற்போக்காளர்கள். 1986 இல் தொடங்கிய டோய் மோய் சீர்திருத்தம் அந்நாட்டின் வறுமையைப் பெரிதும் குறைத்தது என்பதும் உண்மையே. ஆயினும், அங்கு நடப்பதாதலால் சந்தையின் கொடுமை கொடுமையன்று என ஆகிவிடாது. நட்பின் பெயரால் வாய்மூடுதல் நட்புமன்று, நேர்மையுமன்று.

மரபைக் காக்கும் திட்டம் எதனையும் இனி ஓர் அளவுகோலால் அளப்போம்: புதுப்பித்த பின்னர் அவ்வீட்டில் அடுப்பெரிப்பவர் யார்? முன்பு குடியிருந்தவரே எனில் அது காப்பு. அவரை வெளியேற்றிச் சுவரை மட்டும் காப்பதெனில் அது வியாபாரம். வியாபாரத்தை வியாபாரமென்றே அழைப்போம். மாணவருக்கும் அவ்வாறே கற்பிப்போம்.